ஆவாரம்பூவுக்கு ‘சென்னா ஆரிகுலேட்டா’ என்று பெயர் வந்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை மாதத்தில் காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் மேய்ச்சலுக்கென்று வேலியடைத்த கொறங்காட்டுப் புல்லெல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். கிளுவை வேலி இலை கொட்டிக் குச்சியாக நிற்கும். மாடுகள் வெள்வேல மரத்து நிழலுக்கு ஒதுங்கியிருக்கும். அந்த வெயிலிலும் இரு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரித் தடத்தின் ஓரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்பது ஆவாரை. எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்களிடம் அந்தச் செடியைக் காட்டி அதன் தாவரவியல் பெயரைச் சொல்வது என் வழக்கம். சொன்னதும் கேள்விகள் வரும், பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, ஆவாரம்பூன்னு நல்ல பேரு இருக்கையில லத்தீன் பேரு எதுக்குங்க?

நம் ஊருக்குள் பேசிக்கொள்ள ஆவாரம்பூவே போதும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையேறி சாமராஜநகர் போய்ச் சேருவதற்குள் அதே செடி ‘ஆவரிகெ’ ஆகிவிடும். வாளையாறு தாண்டினால் ‘ஆவீரம்’. தெலுங்கில் ‘தங்கேடு’, தெலங்கானாவின் மாநிலப் பூவே அதுதான். இலங்கையில் சிங்களவர் ‘ரணவரா’ என்று சொல்லி அதன் பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். இத்தனை பேரும் ஒரே செடியைத்தான் சொல்கிறோம் என்று தெரிய ஒரு பொதுப்பெயர் வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ‘மஞ்சக்கொன்றை’ என்று கேட்டால் ஒருவர் ஒரு மரத்தைக் காட்டுவார், இன்னொருவர் வேறொன்றைக் காட்டுவார். மருந்துக்குப் பறிக்கிற இடத்தில் அந்தக் குழப்பம் ஆபத்து.

ஆரிகுலேட்டா என்றால் என்ன அர்த்தம்?

காதுள்ளது என்று அர்த்தம். லத்தீனில் ‘ஆரிஸ்’ என்றால் காது. ‘ஆரிகுலா’ என்றால் சின்னக் காது. சின்னக் காதுகளை உடையது ‘ஆரிகுலேட்டா’.

பூவில் காதைத் தேடிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். காது பூவில் இல்லை. ஒரு இணுக்கை ஒடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்காம்பின் இரு பக்கமும் எட்டு முதல் பன்னிரண்டு இணை வரை சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். அந்தக் காம்பைப் பிடித்துக்கொண்டே கீழே வாருங்கள். காம்பு தண்டில் ஒட்டும் இடத்தில், இரு பக்கமும் பச்சையாக ஒவ்வொரு மடல் தண்டை அணைத்த மாதிரி விரிந்திருக்கும். அகலமாக, ஒரு பக்கம் வளைந்து, நுனி மட்டும் நூலாக இழுத்துவிட்டது போல இருக்கும். கைக்குழந்தையின் காதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேர் வைத்தவர் கண்ணைப் பாராட்டத் தோன்றும்.

பாடப்புத்தகத்தில் அதற்கு இலையடிச் செதில் என்று பெயர். இதன் உறவுச் செடிகள் பலவற்றில் அது மெலிந்த நூலாக வந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும். ஆவாரையில் அகன்று, இலை இருக்கும்வரை தங்கியிருக்கும். பூக்காத காலத்திலும் செடியை அடையாளம் கண்டுகொள்ள இதைவிட நல்ல குறி கிடையாது. நான் ஐம்பது வருடம் ஆவாரையைத் தினமும் தாண்டிப் போனவன். அந்த லத்தீன் சொல்லின் பொருளைப் படித்த பிறகுதான் அந்தக் காதை முதன்முதலாகக் கவனித்தேன். பெயரைப் பொருளோடு தெரிந்துகொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

சரி, ‘சென்னா’ எங்கிருந்து வந்தது? சென்னைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

சென்னைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ‘சனா’ என்ற அரபுச் சொல்தான் லத்தீனில் ‘சென்னா’ ஆனது. அரபு மருத்துவர்கள் பேதிக்குக் கொடுத்த ஒரு செடியின் பெயர் அது. நாட்டு மருந்துக்கடையில் நிலாவாரை என்று கேட்டால் தருவார்களே, அந்த இலைதான். திருநெல்வேலிச் சீமையில் ஏராளமாகப் பயிராகி ‘டின்னவெல்லி சென்னா’ என்று உலகமெங்கும் கப்பலேறிய சரக்கு.

இதில் என் மனசுக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நிலாவாரை என்பதன் பழைய வடிவம் நிலாவிரை. நில ஆவிரை என்று பிரித்துப் பாருங்கள். அரபுக்காரர்களுக்குச் சனா தெரிந்த செடி. அவர்களிடமிருந்து சொல்லை வாங்கிய ஐரோப்பியர்கள் நம் ஆவாரையைச் ‘சென்னாவில் ஒரு வகை’ என்றார்கள். நமக்கு ஆவிரை தெரிந்த செடி. அதனால் அந்தச் சனாவை நாம் ‘ஆவிரையில் ஒரு வகை’ என்றோம். இரண்டும் ஒரே குடும்பம் என்று இரு தரப்பும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நம் ஆட்கள் பெயர் வைத்ததிலும் ஒரு முறை இருந்ததா?

இருந்தது. நிலாவிரையோடு பொன்னாவிரை, பேயாவிரை என்ற பெயர்களையும் சேர்த்து வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பின்னால் நிற்கும் ‘ஆவிரை’ குடும்பத்தைச் சொல்கிறது. முன்னால் நிற்கும் சொல் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. இவை அத்தனையும் இன்றைய தாவரவியலில் சென்னா என்ற ஒரே பேரினத்துக்குள், அதாவது நெருங்கிய உறவுச் செடிகளின் ஒரே கூட்டத்துக்குள் வருகின்றன.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் செடியின் பெயரே ஒரு முழு வரி இருக்கும்: இலை இப்படி, பூ இப்படி, காய் இப்படி என்று. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில்தான் எல்லாச் செடிக்கும் இரண்டே சொல்லில் பெயர் என்ற ஒழுங்கு வந்தது. முதல் சொல் பேரினம், இரண்டாவது அந்தச் செடிக்கே உரிய அடையாளம். நமக்கு அடையாளம் முன்னால், குடும்பம் பின்னால். அவர்களுக்குக் குடும்பம் முன்னால், அடையாளம் பின்னால். வேறுபாடு அவ்வளவுதான்.

ஆவிரை என்ற சொல்லும் நேற்றுப் பிறந்ததில்லை. குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் நீண்ட வரிசையில் ஆவிரை இருக்கிறது. காதல் கைகூடாதவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறித் தெருவுக்கு வருவானே, அந்தக் குதிரைக்குப் பொன்னைப் போன்ற ஆவிரம்பூவை மாலை கட்டிப் போட்டதைக் குறுந்தொகை சொல்கிறது.

சித்த மருத்துவப் புத்தகத்தில் ‘கேசியா ஆரிகுலேட்டா’ என்று போட்டிருக்கிறதே. எது சரி?

இரண்டும் ஒரே செடி. இன்றைக்குச் செல்லுபடியாகும் பெயர் சென்னா ஆரிகுலேட்டா.

1753-இல் லின்னேயஸ் கொடுத்த பெயர் கேசியா ஆரிகுலேட்டா. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பிறகு வந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, ஆந்திரத்துச் சாமல்கோட்டையில் பல வருடம் தங்கி, பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றவர். ஆவாரையை அது வளரும் மண்ணிலேயே பார்த்தவர். கேசியாவை விட்டுச் சென்னாவில் அதைச் சேர்த்தது அவர்தான். அவர் 1815-இல் இறந்துவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதி ‘ஃப்ளோரா இண்டிகா’ என்ற நூலாக கல்கத்தா பக்கத்துச் செராம்பூரில் வில்லியம் கேரி என்ற பாதிரியாரின் முயற்சியால் 1832-இல் முழுமையாக அச்சானது. அதனால் ஆவாரையின் இன்றைய பெயருக்கு வயது கணக்கிட வேண்டிய ஆண்டு 1832.

ஆனால் பின்வந்தவர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. கேசியா என்ற ஒரே கூடையில் நூற்றுக்கணக்கான செடிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். 1982-இல் அமெரிக்கத் தாவரவியலாளர்கள் இர்வின், பார்னபி இருவரும் அந்தக் கூடையைக் கேசியா, சென்னா, கேமிகிரிஸ்டா என்று மூன்றாகப் பிரித்தார்கள். நூற்றைம்பது வருடம் கழித்து ராக்ஸ்பர்க் வைத்த பெயர் நிலைத்தது. அதற்கு முன்னால் அச்சான புத்தகங்களிலும், அவற்றைப் பார்த்து எழுதியவற்றிலும் கேசியா என்றே இருக்கும். தவறென்று அடித்துவிட வேண்டாம், பக்கத்தில் புதுப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பெயருக்குப் பின்னால் ‘(எல்.) ராக்ஸ்ப்.’ என்று இருப்பது?

அடைப்புக்குள் இருப்பவர் இரண்டாம் சொல்லை முதலில் கொடுத்தவர். வெளியே இருப்பவர் இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர். எல். என்ற ஒற்றை எழுத்து லின்னேயஸுக்கு மட்டுமே உரியது.

கொன்றையும் ஆவாரையும் ஒன்றுதானுங்களே, மஞ்சப்பூதானே?

நெருங்கிய சொந்தம், ஆனால் மூன்றாகப் பிரித்தபோது தனிக்குடித்தனம் போய்விட்டது. சித்திரையில் சரம்சரமாகத் தொங்கும் சரக்கொன்றை கேசியாவிலேயே தங்கிவிட்டது. அதன் பெயர் கேசியா ஃபிஸ்டுலா. பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் பிரித்த காரணம் தெரியும். கொன்றையில் மூன்று மகரந்தத்தாள்கள் மட்டும் மிக நீளமாகத் தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலெழும். ஆவாரையில் அந்த வளைவு இல்லை.

கேசியா என்ற சொல்லுக்கும் கொன்றைக்கும் ஆதியில் தொடர்பே கிடையாது. எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் போன அந்தச் சொல் லவங்கப்பட்டை மாதிரியான ஒரு வாசனைப் பட்டையைக் குறித்தது.

‘ஃபிஸ்டுலா’ கதை இன்னும் அழகு. லத்தீனில் அதற்குக் குழாய் என்று பொருள். ஆடு மேய்க்கிறவர் ஊதும் குழலுக்கும் அதே சொல். கொன்றையின் நீண்டு உருண்ட காயைப் பார்த்து வைத்த பெயர். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாயவன் ஊதுவது ‘கொன்றையந் தீங்குழல்’. நம் இடையரும் அங்கத்து இடையரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு மொழியிலும் அந்தக் காய் குழலாகத்தான் தெரிந்திருக்கிறது.

எங்க பையன் ஸ்காட்லாந்துல இருக்கானுங்க. மலை முச்சூடும் ஊதாவா ஒரு செடி பூத்திருக்குன்னு போட்டோ அனுப்புனான். ‘ஹீதர்’னு சொல்றான். நம்ம ஆவாரை மாதிரி அவங்களுக்கு அதுங்களா?

நிற்கிற இடத்தைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும். உழவு காணாத, சத்துக் குறைந்த மேட்டு நிலத்தில் முழங்கால் உயரத்துக்குப் படர்ந்து, அவர்களுடைய கோடையின் பிற்பகுதியில், ஆகஸ்டு, செப்டம்பரில் பூக்கிறது. உறவு என்று எதுவும் இல்லை. ஆவாரை அவரைக் குடும்பம். ஹீதர் எரிகேசி என்ற வேறொரு குடும்பம்.

பெயர் வந்த வழியில் மட்டும் இரண்டும் ஒன்றுபோல நடந்திருக்கின்றன. ஹீதருக்கும் அதே 1753-ஆம் ஆண்டு நூலில் லின்னேயஸ் எரிகா வல்காரிஸ் என்று பெயர் வைத்தார். ‘வல்காரிஸ்’ என்றால் எங்கும் காணப்படுவது. பிற்பாடு சாலிஸ்பரி என்பவர் அதற்கென்று கல்லூனா என்ற பேரினத்தை 1802-இல் உண்டாக்கினார். 1808-இல் ஹல் என்பவர் கல்லூனா வல்காரிஸ் என்ற பெயரை எழுதினார். அதனால் அதன் பின்னாலும் ‘(எல்.) ஹல்’ என்று இருக்கும்.

கல்லூனா கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெருக்கிச் சுத்தம் செய்து அழகாக்குதல் என்று பொருள். அந்தச் செடியின் மிலாறுகளைக் கட்டி அவர்கள் வாசல் கூட்டினார்கள். நம் பக்கத்தில் பெயர் வைத்திருந்தால் சீமாற்றுச் செடி என்றிருப்போம்.

ஹீதரின் சொந்தக்காரர்களைப் பார்க்க ஸ்காட்லாந்து போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரி ஏறினால் தொட்டபெட்டா பக்கம் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு அதே எரிகேசி குடும்பம்தான். அதன் பெயர் ரோடோடென்ட்ரான். கிரேக்கத்தில் ‘ரோஜா மரம்’. பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஆவாரைக்கு இன்றைய பெயரைக் கொடுத்த ராக்ஸ்பர்க் பிறந்தது அந்த ஹீதர் பூக்கிற நாட்டில்தான்.

காப்புக்கட்டில் ஆவாரம்பூவோடு கட்டுகிற மற்றவற்றின் பெயர்கள்?

மார்கழி கடைசி நாளில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வாசலிலும் கட்டுத்தரையிலும் தோட்டத்திலும் கட்டுகிறோம். பொங்கலையொட்டிப் பெண்கள் கூடிப் பூப்பறிக்கப் போகும் நோம்பிக்கும் ஆவாரைதான் முதல் பூ.

பூளை ஏர்வா லனேட்டா. லத்தீனில் ‘லானா’ என்றால் கம்பளி, லனேட்டா என்றால் கம்பளி போர்த்தியது. பூளை என்று நாம் சொல்வதும் அந்தப் பஞ்சைத்தான். வேம்பு அசாடிராக்டா இண்டிகா. இதன் முதல் சொல் பாரசீகம், ‘ஆசாத் திரக்த்’, சுதந்திரமான மரம், உயர்ந்த மரம் என்று பொருள். அரபு, லத்தீன், பாரசீகம் மூன்றும் அந்தச் சின்னக் கட்டுக்குள் இருக்கின்றன.

வண்டு வந்து ‘உர்ர்’ என்று சத்தம் போடுகிறதே, தேன் குடிக்கிறதா?

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வண்டு வருவது மகரந்தத்துக்கு. அந்த மகரந்தமும் சும்மா உதிராது. மகரந்தப்பையின் நுனியில் சிறு துளை மட்டும்தான் உண்டு. கருத்த பெரிய தச்சுவண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். உப்புக் குலுக்கியிலிருந்து உப்பு விழுவது போல மகரந்தம் அந்தத் துளை வழியாகத் தெறித்து விழும். நீங்கள் கேட்பது அந்த அதிர்வின் சத்தம். காலை வெயில் ஏறுவதற்குள் செடிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றால், சத்தம் எழும் கணமும் பொடி தெறிக்கும் கணமும் ஒன்றாக இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் இதைத் தோல் பதனிடுவோர் செடி என்கிறார்களாமே?

ஆம். பட்டையில் துவர்ப்புச் சத்து நிறைய. ஈரோடு, திண்டுக்கல் தோல் மண்டிகளுக்கு ஆவாரம்பட்டை கட்டுக்கட்டாகப் போன காலம் உண்டு. கூடவே கடுக்காயும் போகும். பிறகு வாட்டில் மரப்பட்டை வந்து அந்த இடத்தைப் பிடித்தது. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், தண்ணீர் மொள்ளும் பறியில் தொங்கிய தோலுக்கும் காலில் போட்ட செருப்புக்கும் இந்தச் செடிதான் உழைத்திருக்கிறது. இலைக்கும் வேலை உண்டு: நெல்வயலுக்குத் தழையுரம், வெயிலில் நடக்கிறவருக்குத் தலைப்பாகைக்குள் குளிர்ச்சி.

சர்க்கரைக்கு நல்லதுங்களா?

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற சொலவடையை நானும் கேட்டு வளர்ந்தவன்தான். பூவைப் பாசிப்பருப்போடு கூட்டாகச் சாப்பிடுங்கள், கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஆனால் மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள். கைமருந்தாகத் தொடர்ந்து எடுப்பதாக இருந்தால் அவரிடமே சொல்லிவிட்டு எடுங்கள்.

ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் பெரிய மரங்களும் ஆவாரையா?

ஆளுயரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் வளர்கிற புதர்தான் ஆவாரை. சாலையோர மரங்களில் பல சென்னா சயாமியா. சயாம் நாட்டுப் பெயர். முதுமலைப் பக்கம் காட்டை அடைத்து வளர்ந்திருப்பது சென்னா ஸ்பெக்டாபிலிஸ், தென்னமெரிக்க மரம். ‘பார்க்கத் தகுந்தது’ என்று பெயரில் இருக்கிறது, பார்க்கவும் அழகுதான். அதன் அடியில் புல் வளராமல் யானையும் மானும் மேய்ச்சலை இழக்கின்றன. வெட்டியகற்றிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. அழகாக இருக்கிறதே என்று அதன் விதையைக் கொண்டுவந்து தோட்டத்தில் போட்டுவிடாதீர்கள்.

நான் வைத்திருக்கும் செடி ஆவாரைதானா என்று யாரிடம் கேட்பது?

கோவை லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. பழைய மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான் உள்ளது. அட்டையில் தைத்துக் காயவைத்த செடிகள், சேகரித்த இடமும் தேதியும் பெயரும் எழுதி அடுக்கடுக்காக இருக்கும். போவதற்கு முன்னால் பூ, காய், இலை மூன்றும் உள்ள ஒரு கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி எடுத்துக்கொள்ளுங்கள். இலையடியில் அந்தக் காது இரண்டும் கிழியாமல் இருக்கட்டும்.

வீட்டில் வளர்க்கலாமா?

தாராளமாக. தட்டையாகக் காகிதம் போல இருக்கும் காய் பழுப்பாகி, ஆட்டினால் சலசலக்கும்போது பறியுங்கள். விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் முளைக்க நாளாகும். சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்தோ, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊற விட்டோ நடுங்கள். பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம், அதனால் நிற்க வேண்டிய இடத்திலேயே விதையைப் போட்டுவிடுங்கள். ஆடி மழைக்கு முந்தி வேலியோரம் ஒரு சாண் இடம் ஒதுக்கினால் போதும். தண்ணீர் ஊற்றுவது முதல் வருடம் மட்டும்தான். மாடு வாய் வைக்காது.